தோளிலிருந்து போட்ட குழை

துணுக்காய் பஸ்ஸில் எனக்கு முன்னால் வயல் செய்யும் இரண்டு கமக்காரர். இளையவர் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“நேற்று கந்தையாண்ணையைத் தோளில ஏத்திக்கொண்டு காட்டுக்குப் போனனான்.”

“கால் ரெண்டும் வழங்காத மனிசனையோ? உனக்குச் சொந்தமோ?”

“இல்லையண்ணை. தேனெடுக்கப் போறம் எண்டு நாங்கள் கதைக்கேக்க, பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கோ எண்டனான்.”

“காடேற முன்னம் பிள்ளையாருக்கு இலைக்கொத்து முறிச்சு, காவல் குழையெண்டு மரக்கொப்பில போட்டனியளோ?”

“எல்லாரும் போட்டவை. என்ர கை ரெண்டும் அவற்ற காலைப் பிடிச்சபடி. அவர்தான் ஒருத்தருக்கும் எட்டாத கொப்பில ரெண்டு குழை போட்டவர்.”

“ஏன் ரெண்டு?”

“மற்றது எனக்காம். காட்டுக்குள்ள என்னைப் பத்திரமாய்ப் பாக்கிறது தன்ர பொறுப்பாம்.”