உடைக்காமல் கொண்டுவந்த கடிதங்கள்

தேநீருக்கு நன்றி. சீனி போடாமல் தந்திருக்கிறீர்கள், எனக்கு அதுதான் நல்லது. மொழிபெயர்க்க யாதவி என்கிற இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டது வீண், வக்கீல் அம்மா. எனக்கு ஜெர்மன் நன்றாகவே வரும். பரவாயில்லை, வந்தவர் இருக்கட்டும். தமிழில் என்றால் ஆறுதலாகச் சொல்லலாம்.

என் பெயர் பத்மநாதன். ஷ்லீரனில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். அதில் பதினான்கு வருடம் பொறுப்பாளர். சனிக்கிழமைகளில் எங்கள் சமையலறை மேசைக்கு ஆட்கள் கடிதங்களோடு வருவார்கள். இருபது வருடம் இந்தச் சுவிஸ் நாட்டில் உண்டு உடுத்தியும், ஒரு கடிதத்தை வாசிக்கத் தெரியாத சனம். அதிலும் வேடிக்கை, உறையைக்கூட உடைக்க மாட்டார்கள். அரசாங்க முத்திரையைக் கண்டாலே பயம். அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, என்னவாம்?" என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் கடிதம்.

சுபேசனும் அந்த ரகம்தான். அவனை வேலைக்கு எடுத்தது நான். வருடாவருடம் புதுப்பிக்கிற அவனுடைய பி விசாவுக்கு முதலாளியிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தது நான். நிரந்தரமாக இருக்கலாம் என்கிற சி விசா வந்த அன்று, மனைவி சுகந்தியையும் மகள் அக்‌ஷயாவையும் கூட்டிக்கொண்டு கேக்கோடு வந்தான். "அண்ணை, இது நீங்கள் போட்ட பிச்சை" என்றான். பிள்ளை, அதை 'உதவி' என்று மாற்றிவிடாதீர்கள், அவன் சொன்னபடியே சொல்லுங்கள். நானும் மறுக்கவில்லை. உள்ளதைத்தானே சொன்னான்.

ஐந்து கிழமை போகவில்லை, திரும்ப வந்தான்.

"அண்ணை, ஃப்ரிபூர்க்கில மருத்துவக் கருவி செய்யிற இடமொண்டில வேலை கிடைச்சிருக்கு. தாங்களே பழக்கி விடுவினமாம். போகப்போறன்."

"சி வந்த கையோட வேலை மாறினா விசாவில கை வைப்பாங்கள். தெரியுமோ?"

"உண்மையோ அண்ணை?"

"நான் எப்ப உனக்குப் பொய் சொன்னனான்?"

அப்படி ஒரு சட்டம் கிடையாது. சி விசாக்காரன் எந்த வேலைக்கும் போகலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவன் நம்பிப் பின்வாங்கினான். சுகந்திதான் பிடிவாதமாக நின்று அவனை அனுப்பினாள். ஆற்றைக் கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீயார் நானார் என்பார்கள். இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

புதிய இடத்தில் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் ஏழு நாள் தவணை கொடுத்து நிறுத்தலாம். பத்தாவது கிழமை அவனுடைய மேலாளருக்கு ஒரு போன் எடுத்தேன். மரியாதையாகத்தான் கதைத்தேன். "சுபேசன் நல்ல வேலைக்காரன், அவருடைய முதுகு இப்போது எப்படி?" என்று கேட்டேன். எங்களிடம் ஈரத்துணி வண்டி சரிந்து அவன் முதுகில் அடிபட்டிருந்தது. காப்புறுதிக்கு அறிவித்தால் விசாவுக்குக் கூடாது என்று நான் சொன்னதால், அவன் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. போனில் ஒரு பொய்யும் சொல்லவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த திங்கட்கிழமை அவனை நிறுத்திவிட்டார்கள்.

மானமுள்ளவன் என்றால் வேறு யாரிடமாவது போய்க் கேட்டிருப்பான். இவன் வழக்கம்போல என் மேசைக்கு வந்தான். வேலையில்லாதவர் அலுவலகத்தில் பதியவா என்று கேட்டான். பதியாதே, பதிந்தால் சி விசாவில் கறுப்புப் புள்ளி விழும் என்றேன். அதுவும் பொய். வேலை போனவனுக்கு அது உரிமை, விசாவுக்கு ஒரு தீங்கும் வராது. தீங்கு வருவது சோசியல் என்கிற அரச உதவிப் பணத்தில் இருந்தால்தான். ஏழு மாதத்தில் கையிருப்பு எல்லாம் கரைந்தது. அப்போது சோசியலுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். அழகான கையெழுத்தில் நிரப்பினேன்.

அடுத்த வருடம் கடிதங்கள் வரத் தொடங்கின. மூன்று. மூன்றையும் உடைக்காமலே கொண்டுவந்தான். முதலாவதில், சோசியலில் இருப்பதால் உங்கள் சி விசாவைத் திரும்பப் பெற யோசிக்கிறோம், முப்பது நாளுக்குள் பதில் எழுதுங்கள் என்று இருந்தது. "விலாசம் சரிபார்க்கிறாங்கள், ஒண்டுமில்லை" என்றேன். இரண்டாவது, சி போய் பி ஆகிறது, முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றது. "முந்தினதின்ர பிரதி" என்றேன். மூன்றாவது, குறித்த நாளுக்குள் நிரந்தர வேலை எடுக்காவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றது. கிறிஸ்மஸ் நேரம், அதனால் "நத்தார் வாழ்த்து" என்றேன். அதற்கு அவன் சிரித்தான். "பாருங்கோவன், எங்களையும் நினைக்கிறாங்கள்" என்றான்.

இங்கே பிறந்த அக்‌ஷயா வாசிக்க மாட்டாளா என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கடிதங்களைக் காட்டவேண்டாம், படிப்புக் குழம்பும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். தாயும் தகப்பனும் அதை அப்படியே கேட்டார்கள்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் மனைவி கோசலா. நான் கடிதங்களைப் போட்டு வைத்திருந்த மேசை லாச்சியைத் துப்புரவாக்கப் போய் மூன்றையும் கண்டு, நேரே கொண்டுபோய் அந்தப் பெட்டையிடம் கொடுத்துவிட்டாள். முப்பது வருடம் என்னோடு இருந்தவள். அக்‌ஷயா எங்கள் வாசலில் நின்று, "முப்பது நாளுக்குள்ள எழுதியிருக்கலாம், பெரியப்பா" என்றாள். அழவில்லை. பதினாறு வயதுக்கு என்ன திமிர் பாருங்கள்.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். இரண்டாயிரத்து நான்கில் எனக்கு சி வந்தது. அடுத்த மாதமே, பிரெஞ்சு பேசுகிற நொஷாட்டலில் கடிகார உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் வேலைக்கு வரக் கேட்டார்கள். அதற்காக மூன்று மாதம் பிரெஞ்சுகூடப் படித்தேன். பிறகு, வேலை மாறினால் சி பறிபோகும் என்று பயந்து நின்றுவிட்டேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. சட்டத்தை வாசித்து அறிந்தது ஆறு வருடம் கழித்துத்தான். உறை உடைக்கத் தெரியாத ஒரு மடையன் போய் அங்கே நன்றாக இருந்துவிட்டால், நான் அந்த நீராவிக்குள் நின்ற வருடங்களுக்கு என்ன பெயர் வைப்பது?

எழுதுங்கள். மூன்றையும் வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், மறைத்தேன். இந்தக் கையெழுத்தால் சுபேசனுடைய விசா வழக்கைத் திரும்பத் திறக்கலாம் என்கிறீர்கள். தாருங்கள், போடுகிறேன். அவர்களைத் துரத்துவது என் நோக்கமே இல்லை. இரண்டு வருடமாகத் தற்காலிக ஆட்களை வைத்து ஓட்டி, தொழிற்சாலையில் அவனுடைய இடத்தை அவனுக்கென்றே வைத்திருக்கிறேன். "அண்ணை, திரும்ப எடுங்கோ" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேன், ஒரு கடிதமும் வந்திராது. அவன் போகிற அன்று, இனி இந்த வாசலில் வேலை கேட்டு வராதே என்று சொன்னேன்தான். அது கோபத்தில் சொன்னது. அண்ணை சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிக்கொண்டு நிற்கிறவனுக்கு நான் என்ன செய்ய?