ஒட்டுப்பொட்டு

— அசைக்காம புடி அல்லி. கை ஆடுனா கிழிசல் பெருசாயிடும்.

— புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். தொட்டித் தண்ணியில விழுந்து செத்த டிரான்சிஸ்டர இப்படி ஈரல் வேற, கொடல் வேறன்னு பிரிச்சுப் போட ஒங்களாலதான் முடியும்.

— மத்ததெல்லாம் துரு ஏறிப் போச்சு, கேட்டியா. ஸ்பீக்கருக்கு மட்டும் உசுரு இருக்கு. இத அந்தப் பழைய மரப்பெட்டி ரேடியோவுல மாட்டிட்டா நீ நாடகம் கேக்கலாம்.

— ஸ்பீக்கரு காகிதந்தான் கிழிஞ்சிருக்கே.

— மெல்லிசா, கனமில்லாம, தானா ஒட்டிக்கிறாப்புல ஒண்ணு வேணும். அது என்ன நெத்தியில?

— ஒட்டுப்பொட்டு. ஏன்?

— குடு.

— நல்லாருக்கே. அட்டையில இதுதான் கடைசி. குங்குமம் வச்சா நெத்தி புண்ணாவுதுன்னு நீங்கதானே வாங்கியாந்தீங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா, ஒங்க அக்கா வேற வர்றாங்க.

— ஞானசௌந்தரி அக்காவுக்குப் பயந்தா ரேடியோ பாடுமா? வர்றப்ப புது அட்டை வாங்கியாறேன். எடு.

— இந்தாங்க. நானே எடுத்துக் குடுத்தேன்னு அவங்ககிட்ட சொல்லி வைக்காதீங்க.

— பாத்தியா, அளவெடுத்தாப்புல உக்காந்துடுச்சு. இரு, பேட்டரியத் தொட்டுப் பாக்குறேன்.

— ஷாக்கடிக்கப் போவுது.

— இது எறும்பு கடிக்கிற அளவுகூட இல்ல. கேட்டியா, கர்ருங்குது.

— ஒங்க அக்கா கொறட்ட மாதிரியே இருக்கு.

— மோட்டார் கொட்டாயில பீஸ் போயிடுச்சாம். கம்பி மாத்திட்டு, நாத்தங்காலுக்குத் தண்ணி திருப்பிட்டு வந்துடறேன். வந்து மாட்டிக்கலாம். அத அப்படியே வையி.

*

— யாரு இதத் தொட்டது தங்கச்சி? பாதியில கெடக்கு.

— அவருதான், இப்ராஹிம் பாய். பாதியில வச்சுட்டு மோட்டார் கொட்டாய்க்குப் போனாரு.

— கேள்விப்பட்டேம்மா. கரண்டு அடிச்சுடுச்சுன்னாங்க. தியாகராசன் எங்கிட்டதான் ஈயம் பத்தவைக்கக் கத்துக்கிட்டான். அவன் ஹயாத்து, ஆயுசு அம்புட்டுத்தான்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஏன் இம்புட்டுத் தூரம்? கோட்டுச்சேரியில ஆளு இல்லியா?

— ஊருல யாரும் பாக்க வேணாம்னுதான் திருமலைராயன்பட்டினம் வரைக்கும் பஸ் ஏறி வந்தேன். ரேடியோவ ரிப்பேர் பண்ண வேணாம் பாய். ஸ்பீக்கருல ஒரு பொட்டு இருக்கு பாருங்க. அத உரிச்சுக் குடுத்தாப் போதும். எனக்குக் கை வரல.

— பொட்டா? அட ஆமா, அரக்குக் கலரு.

— அன்னக்கி என் நெத்தியில இருந்தது. அவரு கேட்டாரு, எடுத்துக் குடுத்தேன். அவரு போன கொஞ்ச நேரத்துல நாத்தனா வந்தாங்க. வெறும் நெத்தியப் பாத்தாங்க. பின்னாலேயே சேதி வந்துடுச்சு. எழவுக்குக் கூடுன சனத்துக்கு முன்னாடி சொன்னாங்க, என் தம்பி உசுரோட இருக்கையிலேயே இவ பொட்ட எடுத்துட்டான்னு.

— அல்லாவே. அதுக்கும் இதுக்கும் என்னம்மா?

— நாள் போகப் போக எனக்கே அப்படித்தான் தோணுது பாய். எங்களுக்குப் புள்ள இல்ல. கொள்ளி வச்சது அவங்க மவன். அடுத்த வாரம் தலைத்திவசம். இந்தப் பொட்ட அரசலாத்துல விட்டாத்தான் மவன அனுப்புவாங்களாம். அவன் வரலன்னா அவருக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்க ஆளு இல்ல.

— உரிக்கலாம். உரிச்சா காகிதமும் கூடவே வந்துடும். அப்பறம் இது ஸ்பீக்கர் இல்ல, வெறும் காந்தம். செத்த இரு, ஒயரக் குடுத்துப் பாக்குறேன்.

— வேணாம் பாய்.

— ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லும்மா.

— பாடுது.

— லேசாக் கர்ருங்குது, ஆனாப் பாடுது. எம்புட்டுப் பதமா ஒட்டியிருக்கான் பாரு. இந்த அளவு ஸ்பீக்கரு மெட்ராஸுலயே கெடைக்கல. இதுக்குன்னே ஒரு செட்டு அந்த அலமாரியில காத்துக் கெடக்கு. ஒனக்கு வேணாம்னா அதுல மாட்டிடுவேன். ஆனா பொட்டோடதான் மாட்டணும்.

— யாரு செட்டு?

— ஒங்க ஊருதான். மேலத்தெரு இளையபெருமாள் வீட்டம்மா, ஞானசௌந்தரின்னு. காலையில சாமி பாட்டு கேக்காம காப்பித்தண்ணி எறங்கலன்னு ஆளு மேல ஆளு அனுப்புறாங்க. தெரியுமா?

— தெரியும்.

— என்னம்மா, சிரிக்கிறியா அழுவுறியா?

— ஒண்ணுமில்ல. பொட்டிய மூடிட்டா உள்ள இருக்குறது வெளிய தெரியுமா பாய்?

— முன்னால துணி இருக்கும்ல. கழட்டுனாத்தான் தெரியும். கழட்டுறதுன்னா எங்கிட்டதான் வரணும்.

— அப்ப அதுலயே மாட்டிக் குடுத்துடுங்க.

— ஆத்துல விடணும்னியே தங்கச்சி?

— போற வழியில கடைத்தெருவுல ஒரு அட்டை வாங்கிக்கிறேன். அதுலேர்ந்து ஒண்ண விட்டுக்கலாம், ஆத்துக்குத் தெரியவா போவுது. இது அவரு ஒட்டுனது பாய். ஒட்டுனபடியே இருக்கட்டும்.