சுத்தமான பதிவு

"அப்பா, பியானோவுக்குள்ள யாரு மூச்சு விடுறா?"

என் மகள் லோஷினி எட்டு வயதில் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. பெரியவர்கள் பலருக்கு அந்த மூச்சு காதில் விழுவதே இல்லை.

அன்று ஹாலில் உட்கார்ந்து ஒரே பியானோ இசைத்துண்டின் வெவ்வேறு பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மானியர் எழுதிய மெதுவான துண்டு. எழுதியது ஒன்றுதான் என்றாலும் வாசிப்பவர் மாறினால் அதுவும் மாறிவிடும். ஒருவர் அவசரப்படுவார். ஒருவர் இழுப்பார். நடுவில் ஓரிடத்தில் எல்லா ஒலியும் நின்று ஒரு மௌனம் வரும். அதை மதித்துக் காத்திருப்பவர்கள் சிலரே. மகள் எதைக் கேட்டு வளர வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது தகப்பனின் கடமை என்று நினைத்தேன். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். பழுதுள்ளதைப் பார்த்து ஒதுக்கிவைப்பதுதான் என் வேலை.

அவள் கேட்ட பதிவு ஒரு கிழவருடையது. எண்பதை நெருங்கும் வயதில் மேடையில் வாசித்தது. மூக்கால் மூச்சு வாங்குகிறார், சில இடங்களில் முனகுகிறார். அதுவரை நானும் அதைக் கவனித்ததில்லை. மகள் சொன்ன பிறகு அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பாயசத்தில் முடி கிடப்பதைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பாயசத்தின் இனிப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

என் அக்கா பேச்சியம்மாள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாவம்லா அந்த மனுஷன். இப்படி மூச்சு வாங்குது, யாராச்சும் ஒரு கிளாஸ் தண்ணி குடுக்கக்கூடாதா?" என்றாள்.

"அவரு செத்து ரொம்ப வருஷமாச்சு அத்தை."

"அலமாக்! செத்துமா வாசிக்கிறாரு? அப்பக் கண்டிப்பா தண்ணி குடுக்கணும்."

லோஷினி சோபாவில் உருண்டு சிரித்தாள். இருவரும் கிழவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டூடியோவில் ஒரு பெண் வாசித்த பதிவு என்னுடைய தேர்வு. அதில் பியானோவைத் தவிர எதுவும் இல்லை. "இதுதான் சுத்தம்," என்றேன்.

"நீ என்னடா, மூச்சே விடாத ஆளா?" என்றாள் அக்கா.

நானும் சிரித்தேன். வீட்டில் சிரிப்பு இருப்பது நல்லதுதான்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூலாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தோம். அம்மா இறந்தபோது நான் சின்னப் பையன், அவள் கல்யாண வயதுப் பெண். எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். படுத்தபடி "அக்கா" என்று கூப்பிட்டால் "இதோ வரேன் தம்பி" என்ற குரல் முதலில் வரும், பின்னாலேயே ஆளும் வந்துவிடுவாள். கையில் வேலை இருந்தாலும் வருவாள். இரண்டாவது முறை கூப்பிட அவள் என்னை விட்டதே இல்லை. அந்தக் கடன் என்மேல் இருப்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

பிறகு அவள் பத்து பாகாட் என்ற ஊரில் துணி ஆலைக்குப் போனாள். என்னைப் படிக்க வைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை ஓய்ந்ததும் எங்களோடு வந்து தங்கினாள். லோஷினிக்குப் பியானோ வாங்கிக் கொடுத்தது அவள்தான். "புள்ள கேக்குதுலா, வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்றாள்.

ஆலைத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்று சொல்வார்கள். காலையில் பின்பக்கக் குளியலறையிலிருந்து அவள் காறித் துப்பும் சத்தம் வரும். இழுத்து, புரட்டி, கடைசியில் வெளியே தள்ளுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டை நகர்த்திவைப்பேன். அவள் குடிக்கும் கோப்பையை அவளுக்குத் தெரியாமல் தனியாகப் பிரித்து வைத்திருந்தேன். ஆனால் ஒருநாளும் முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வியாழக்கிழமைகளில் அவளுக்குப் பிடித்த புட்டு மாயம், அதாவது இடியாப்பம், வாங்கி வருவேன். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கலைந்து கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிவைப்பேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. சின்னச் சின்ன அன்பால்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். இப்போதும் நம்புகிறேன்.

லோஷினிக்குப் பதின்மூன்று வயதானபோது பெரிய தேர்வு வந்தது. அதில் உயர்ந்த தரத்தில் தேறினால் சிங்கப்பூர் இசைப் பள்ளி ஒன்றில் உதவித்தொகையோடு சேரலாம் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். இப்போதெல்லாம் தேர்வாளர் நேரில் வருவதில்லை. வீட்டிலேயே வாசித்து, வீடியோ எடுத்து, கணினி வழியாக அனுப்பிவிடலாம். வெட்டி ஒட்டக்கூடாது, அவ்வளவுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், நல்லதைத் தேர்ந்து அனுப்பலாம். லோஷினி அந்த மெதுவான துண்டைத்தான் எடுத்துக்கொண்டாள்.

எடுத்த பதிவிலெல்லாம் அக்காவின் இருமல் இருந்தது. டீச்சரிடம் போட்டுக் காட்டினேன். "பரவாயில்லை, வீடுதானே, சத்தம் இருக்கத்தான் செய்யும்," என்றார். நல்ல மனம் உள்ளவர். ஆனால் தரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை.

வழியைச் சொன்னது அக்காதான். நான் கேட்கவில்லை.

"நான் பின்னாடி பாத்ரூம்ல போயி உக்காந்துக்கிறேன் தம்பி. கதவைச் சாத்திக்கிட்டா இருமுறது கேக்காதுல்ல?"

"வேணாம் அத்தை, உள்ள வேகும்," என்றாள் லோஷினி.

"ஆமா, நான் என்ன இட்லியா, வேகுறதுக்கு? நீ நல்லா வாசி. பாஸ் பண்ணிட்டு அத்தைக்கு சிங்கப்பூர்ல பெரிய ஐஸ்கிரீமா வாங்கிக் குடு, போதும்."

பிளாஸ்டிக் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டேன். குடிக்க ஒரு போத்தல் தண்ணீரும் வைத்தேன். என்னால் முடிந்த சிறிய உதவி.

பதிவை அனுப்புவதற்குக் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். என் மனைவி சந்திரமதி சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து ஆரம்பித்தோம். ஜன்னல்களை மூடினேன். காற்றாடியை நிறுத்தினேன். குளிர்பெட்டியின் உறுமல் கேட்கக்கூடாது என்று அதன் பிளக்கைக்கூடப் பிடுங்கினேன். முதலில் எடுத்ததில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அடுத்ததில் லோஷினி ஓரிடத்தில் விரல் தவறினாள்.

அடுத்த முறை அவள் வாசித்ததை எப்படிச் சொல்வது? நான் வாங்கி வைத்திருந்த எந்தப் பதிவிலும் அந்தத் துண்டு அப்படி இருந்ததில்லை. நடுவில் அந்த மௌனம் வந்தது. அவள் கைகளைத் தூக்கிக் காத்திருந்தாள். அப்போது பின்னால் நாற்காலி சரிந்து, கனமாக ஏதோ விழும் சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி."

லோஷினி என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரல் வைத்தேன். என்ன நடந்தாலும் நிறுத்தக்கூடாது என்று பழக்கியிருந்தேன். அவள் தொடர்ந்தாள். இன்னொரு முறை "தம்பி" என்ற குரல் வந்தது. அவள் கடைசி ஸ்வரம் வரை வாசித்து முடித்தாள்.

"அப்பா, அத்தை கூப்பிடுறாங்க."

"பைப்புல தண்ணி வரலைன்னு கூப்பிடுவாங்க. நீ உக்காரு. இன்னொரு தடவை எடுத்துட்டு போலாம்."

"ஏதோ விழுந்துச்சுப்பா."

"உக்காரு லோஷினி."

நான் சத்தமாகப் பேசவில்லை. என் பிள்ளையை ஒருநாளும் அதட்டியதில்லை.

ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன். அந்த மௌனத்துக்கு நடுவே குரல் தெளிவாக விழுந்திருந்தது. வெட்டவும் முடியாது. என் மகளின் மிக நல்ல வாசிப்பு, அதில் இப்படி ஒரு கறை. சுவரில் கடிகாரம் இருந்தது. போய்ப் பார்த்தால் தூக்க வேண்டும், துடைக்க வேண்டும், மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அன்றைக்கு அதோடு முடிந்துவிடும். அக்காவே அதை விரும்பமாட்டாள். புள்ள நல்லா வாசிக்கட்டும் என்றுதானே உள்ளே போய் உட்கார்ந்தாள்? அவள் செய்ததை வீணாக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த பதிவிலும் குரல் வந்தது, ஆனால் முன்னைவிடச் சின்னதாக. எழுந்து போய் அடுப்படிக் கதவைச் சாத்தினேன். அங்கே நின்றபோது பின்பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. பேச்சு இல்லை, மூச்சுதான். ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போல, சளியோடு சேர்ந்து இழுத்து இழுத்து விடும் மூச்சு. எனக்கு அருவருப்பாக இருந்தது. இதை நான் மறைக்கவில்லை. அந்த நேரத்தில் என்னிடம் பயம் இல்லை, இரக்கமும் இல்லை, குமட்டல் மட்டும்தான் இருந்தது.

திரும்பி வந்து சற்று நேரம் காத்திருந்தோம். லோஷினி அழுதாள். முகத்தைத் துடைத்துவிட்டேன். சத்தம் அடங்கியது. "இப்ப வாசி," என்றேன்.

அந்தப் பதிவில் ஒரு குறையும் இல்லை. வாசிப்பு கொஞ்சம் உயிரில்லாமல் இருந்தது உண்மைதான், ஆனால் சுத்தம். அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்ற செய்தி வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பின்பக்கம் போனேன்.

அக்கா கதவைப் பார்த்த மாதிரி கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். முதலில் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினேன். அவளை அந்த நிலையில் மற்றவர்கள் பார்ப்பது மரியாதை இல்லை. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

மூளையில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். விழுந்த உடனே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். எப்போது விழுந்தார் என்று கேட்டார். தெரியவில்லை, போய்ப் பார்த்தபோதுதான் கண்டேன் என்றேன். லோஷினி என் பக்கத்தில்தான் நின்றாள். சந்திரமதிக்கு இன்றுவரை தெரியாது. வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கோயிலில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். உடன்பிறந்தவளை நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை லோஷினி கேட்டாள்.

"எந்த ரெக்கார்டிங்பா அனுப்புனீங்க?"

"சுத்தமானதை."

அவள் ஓடிப்போய் அதே குளியலறையில் வாந்தி எடுத்தாள். நான் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் சளியை நான் எப்படிப் பார்ப்பேனோ, அந்தப் பார்வை.

உயர்ந்த தரத்தில் தேறினாள். பியானோவின் மூடியை அதன் பிறகு அவள் திறக்கவில்லை. சிங்கப்பூர் பள்ளிக்கும் போகவில்லை. வயசுப் பிள்ளைகள், போகப் போகச் சரியாகும்.

மௌனத்துக்கு நடுவே அக்காவின் குரல் விழுந்த அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. கூர்ந்து கேட்பவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இரண்டில் அதுதான் நல்ல பதிவு. நான் தவறானதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

எனக்கு விடுமுறை வரும் நாட்களில் சந்திரமதி வேலைக்கும் லோஷினி பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் யாரும் இருப்பதில்லை. கதவைத் தாழிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, அந்தப் பதிவைப் போடுவேன். மௌனம் வரும். நாற்காலி சரியும். "தம்பி" என்பாள் அக்கா.

"இதோ வரேன்க்கா," என்று சொல்வேன். வாய்விட்டுத்தான் சொல்கிறேன். அவள் எனக்குச் செய்ததை நானும் செய்துவிட்டேன், கடன் தீர்ந்தது என்று மனம் அமைதியாகிவிடுகிறது.

அவள் இரண்டாவது முறை கூப்பிடுவதற்குள் நிறுத்திவிடுகிறேன்.