வெள்ளிக்கிழமை ஆறு மணி முறை

உங்கள் ஏலக்காய் பன் நன்றாக வெந்திருக்கிறது, மர்யுத். நான் செய்தால் நடுவில் மாவாகவே நின்றுவிடும். இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன். குடியிருப்புச் சங்கத்தின் தலைவி நீங்கள் என்பதால், ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

கீழ்த்தளத்தில் நாமெல்லாம் முறைவைத்து நீராவியில் வியர்க்கப் போகும் சௌனாவில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி முறை மூன்றாம் மாடி தைஸ்தோவுடையதாக இருந்தது. முப்பத்தொரு வருடம். அந்த முறை என்றால் என்னவென்று ஒரு பின்லாந்துக்காரிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வைத்திருப்பவராக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு, இல்லையென்றால் செத்தால்தான் உண்டு. எனக்குக் கிடைத்தது செவ்வாய் மத்தியானம் மூன்று மணி. அந்த நேரத்தில் வியர்க்க உட்கார்ந்தால் தண்டனை அனுபவிப்பது போலத்தான் இருக்கும். காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் பத்தொன்பது வருடமாக முதலில் இருந்தது. தைஸ்தோவோ எழுபத்தெட்டு வயதிலும் தினம் ஆறு கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போகிறவர்.

பிறகு அவருக்கு முட்டி மாற்றினார்கள். நல்ல உலோக முட்டி. புண் ஆறியதும், 'எழுபதைத் தாண்டிய மூட்டுகள்' என்ற இணையக் குழுவில் சேர்ந்து ஒரு கேள்வி போட்டார். என் தோள்பட்டைக்காக நான் அதில் முன்பே இருந்தேன்.

"புது முட்டியோட சௌனா போலாமா? டாக்டர் தாராளமாப் போங்கன்னுதான் சொல்றார். ஆனா அவருக்கு முப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது. முட்டி வலின்னா என்னன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அன்று சாயங்காலமே இர்மேலியை உருவாக்கினேன். நாற்பது வருடம் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். படத்துக்கு ஒரு பூனையை வைத்தேன். மனித முகத்தைச் சந்தேகப்படுகிறவர்கள்கூடப் பூனையை நம்பிவிடுவார்கள். இர்மேலி எழுதியது இவ்வளவுதான்:

"உங்க இஷ்டம், தைஸ்தோ. நான் ஒண்ணும் சொல்லல. அடுப்புல மறந்து வச்ச கரண்டியை மட்டும் ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க."

இதில் பொய் என்று ஒரு வார்த்தை இருக்கிறதா, சொல்லுங்கள். எழுபத்துமூன்று பேர் இதயக்குறி போட்டார்கள். இரண்டே வாரத்தில் தைஸ்தோ முறையை விட்டுக்கொடுத்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவர் குளியல் அங்கியோடு, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம். வெளியே மைனஸ் பதினான்கு. "என் மனைவி ரைலி போனதுலேருந்து, கடைசி அகப்பைத் தண்ணிய அவ பேரைச் சொல்லித்தான் அடுப்புமேல காயற கல்லுல ஊத்துவேன். அந்த ஆவி வரும்போது பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கும்" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆமாம், இர்மேலியை உருவாக்குவதற்கு முன்னால்தான் சொன்னார். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. சௌனாவுக்குப் போகிற வழியில் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் போவேன்.

ஆனால் நம் கட்டடத்துக்காரர்கள் பாதிப் பேர் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்; இர்மேலிக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. இடுப்பில் ஆணி இருக்கிறது, தங்கப் பல் இருக்கிறது, கழற்ற முடியாத கல்யாண மோதிரம் இருக்கிறது. பதில் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது. நம் கட்டடத்தில் எல்லோருக்கும் உள்ளே ஏதாவது ஒரு உலோகம் இருக்கிறது. இரண்டாம் மாடி என்சியோவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்று பெரிய குறை. பிறகு ஏழு வயதில் ஊசி விழுங்கியது ஞாபகம் வந்தது. சந்தோஷமாக அவரும் முறையை விட்டுவிட்டார். இப்படி ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதில் சௌனா காலியாகிவிட்டது. நீங்களும் அதைச் சைக்கிள் நிறுத்தும் அறையாக்க வசந்தகாலக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் வந்தேன்.

அதோடு போன வாரம் லிஃப்டில் தைஸ்தோவைப் பார்த்தேன்.

"ஹில்க்கா, அந்த முறை உங்களுக்குக் கெடச்சதுல எனக்குச் சந்தோஷம்தான்," என்றார். "ஆனா உங்க கடைவாய்ப் பல்லுல வெள்ளி அடைச்சிருக்கீங்களே. சூட்டுல வாயைத் தொறக்காம உக்காருங்கம்மா. எனக்கு உங்களை நெனச்சாதான் கவலையா இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்தேன். நான்காவது நிமிடம் பல் சுட ஆரம்பித்தது. பலகையிலிருந்து இறங்கி வெளியே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். இர்மேலி நான்தான். ஒரு கிழவரின் வாரத்தில் இருந்த ஒரே சூடான மணி நேரத்தைத் திட்டம் போட்டுப் பிடுங்கியவள் நான்தான். சைக்கிள்களை வேறெங்காவது நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமையைத் தைஸ்தோவிடமே கொடுத்துவிடுங்கள்.

"அப்போ மேல போய், முட்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவர்கிட்ட இப்பவே சொல்லிடுங்களேன்" என்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் உடம்பு விஷயம், மர்யுத், அவசரப்படக் கூடாது. என் பல் சுட்டது உண்மை. அதைப் பற்றிச் செவ்வாய்க்கிழமையே இர்மேலிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவள்; அவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போகிறேனே.