கேஸ் மாமாவின் வயிறு

— எழுதிக்கோங்க பாப்பா. வலது பக்கம் குடலிறக்கம். இருமினா வெளியே வரும், படுத்தா உள்ளே போகும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிட்டுத்தான் காலையில மூணு பேரு சிரிச்சுக்கிட்டே வெளியே போனாங்க.

— பெரியவரே, நான் இன்னும் உங்க பேரைக்கூடக் கேக்கலை.

— பேரெல்லாம் எதுக்கு? இந்த ஆஸ்பத்திரிக்கே நான் கேஸ் மாமா. சர்ஜரி மேல்படிப்புப் பரீட்சைன்னா, நோயாளியா, அதாவது கேஸா, வந்து படுக்கச் சொல்லி முதல் போன் எனக்குத்தான் வரும். படிக்கிறவங்க மாறுவாங்க, கேள்வி கேக்கற வாத்தியாருங்க மாறுவாங்க. இந்தக் கட்டில்ல கேஸ் மட்டும் மாறாது.

— சரி மாமா. ஆனா விடையை நீங்க சொல்லி நான் எழுதினா, அப்புறம் பட்டத்தை உங்களுக்குத்தான் குடுக்கணும்.

— குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்? கூடத்துச் சுவத்துல மாட்டி, வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் காட்டுவேன்.

— இத்தனை வருஷமா இதை ஏன் ஆபரேஷன் பண்ணிக்காம வெச்சிருக்கீங்க?

— பண்ணிக்கிட்டா அடுத்த வருஷம் யாரு கூப்பிடுவா? பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான். வீட்ல இருந்தா பால் வாங்கிட்டு வா, மோட்டார் போடுங்கற பேச்சுதான். இங்கே பெரிய பெரிய டாக்டருங்க சுத்தி நின்னு பாக்கறாங்க. அந்த மரியாதையை விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? ஆமா, எதுக்குக் கையைப் போட்டு அப்படித் தேய்க்கிறீங்க?

— சில்லுனு இருக்கு. சூடு பண்ணிட்டு வைக்கிறேன்.

— அட! காலையில வந்ததுங்க ஐஸ்கட்டியை எடுத்து வெச்ச மாதிரி வெச்சுதுங்க. நீங்க தேவலை. ஆனா மணி அடிச்சுடுவாங்க பாப்பா. குடலிறக்கம் கீழே இருக்கு, நீங்க கழுத்துல என்னத்தைத் தேடறீங்க?

— தலையில ஆரம்பிச்சாத்தான் கால் வரைக்கும் போகலாம்.

— நம்ப மாட்டேங்கறீங்களே! எத்தனை பேரைப் பாஸ் பண்ண வெச்ச வாய் இது!

— கோவிச்சுக்காதீங்க. போன தடவை பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவர் இப்படித்தான் காதுல ஓதினாரு, இடது சிறுநீரகத்துல கட்டின்னு. அவசரத்துல அதையே நம்பி ஒப்பிச்சேன். கட்டி இருந்தது வலது பக்கம்.

— அவனா! அவனுக்குச் செருப்புலயே இடது வலது தெரியாதே! அவன் பேச்சைப் போய்க் கேட்டீங்களா?

— கேட்டேன், பெயிலானேன். இது ரெண்டாவது தடவை. பட்டம் வர்ற வரைக்கும் நான் தனியா கத்தி எடுக்க முடியாது மாமா. இத்தனை வருஷமா அடுத்தவங்க ஆபரேஷன்ல, வெட்டின இடத்தை விரிச்சு வைக்கிற கொக்கியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கறேன். வீட்ல நாற்காலிக் கை, ஜன்னல் கம்பி, என் வீட்டுக்காரர் பைவாரு, எதையும் விட்டு வைக்கலை. எல்லாத்துலயும் தையல் முடிச்சுப் போட்டுப் பழகியாச்சு. என் கை தயாரா இருக்கு. இந்த ஒரு பரீட்சைதான் பாக்கி.

— அப்ப பேசாம குடலிறக்கம்னு சொல்லிட்டுப் போங்களேன்!

— சொல்லத்தான் போறேன். முழுசாப் பாத்துட்டு. வேற ஏதாவது தொந்தரவு உண்டா? வலி?

— முதுகு வலி. டிரைவருக்கு முதுகு வலி இல்லாட்டித்தான் ஆச்சரியம்.

— எப்பலேருந்து?

— அது பழசு. இது வேற மாதிரி, போன வாரத்துலேருந்து. உள்ளுக்குள்ள குடையுது. அட, அதை விடுங்க, ஒரு வேடிக்கை சொல்றேன். படுத்துக்கிட்டுப் பேப்பர் படிக்கிறப்ப கண்ணாடிக்கூட்டை வயித்து மேல வெச்சுக்குவேன். இப்பல்லாம் அது குதிக்குது! என் வீட்டுக்காரி பாத்துட்டு, உங்க கூடுக்குக்கூட உங்களைக் கண்டா பிடிக்கலைங்கறா.

— மாமா.

— சிரிப்பு வரலையா?

— கொஞ்சம் பேசாம இருங்க. காலை மடக்கிக்கோங்க. மூச்சை விடுங்க... ம். இங்கே தொட்டா வலிக்குதா?

— லேசா. காலையில அந்தப் பசங்க அங்கே கையே வைக்கலை. என்னாச்சு? முகம் மாறிடுச்சே.

— முகம் அப்படியேதான் இருக்கு. சிஸ்டர்! திரையை விலக்காதீங்க. ஸ்ட்ரெச்சர் ஒண்ணு இந்தக் கட்டில் பக்கத்துக்கு வரட்டும். ஸ்கேன் ரூமுக்குச் சொல்லுங்க, ரத்தக்குழாய் டாக்டரையும் கூப்பிடுங்க. ஆமா, இப்பவே. கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க.

— பாப்பா, என்கிட்ட எதுவும் மறைக்க வேண்டாம்.

— மறைக்கலை. பஸ் டயர் சில சமயம் பக்கவாட்டுல புடைச்சுக்கிட்டு நிக்குமே, பாத்திருக்கீங்களா?

— பாத்திருக்கேனாவா! அந்த டயரோட டிப்போவை விட்டு வண்டியை எடுக்க மாட்டேன்.

— உங்க வயித்துக்குள்ள ஓடற பெரிய ரத்தக்குழாய் அப்படிப் புடைச்சிருக்கு. அதுதான் கண்ணாடிக்கூட்டைத் தூக்கிப் போடுது. புதுசா முதுகு வலி வேற. அதனால இப்பவே பாக்கணும். சரி பண்ணலாம், நல்லா சரி பண்ணலாம். ஆனா இனிமே யாரும் உங்க வயித்தை அமுக்கக் கூடாது.

— பயமா இருக்கு.

— பயப்படுங்க. ஆனா எழுந்திருக்காம, படுத்துக்கிட்டே பயப்படுங்க.

— ...மணி அடிச்சுட்டாங்க. இங்கே பாருங்க, நான் சொல்றதைக் கேளுங்க. கேள்வி கேக்கற வாத்தியார் வந்ததும் முதல்ல குடலிறக்கம்னு சொல்லி மார்க்கை வாங்கிக்கோங்க. அப்புறமா இதைச் சொல்லுங்க. நான் தாங்குவேன்.

— அரை மணி 'மேலே சொல்லு, மேலே சொல்லு'ன்னு கேள்வி கேப்பாரு மாமா. நடுவுல, எங்கே, அமுக்கிக் காட்டுன்னு சொல்வாரு. முடியாது.

— நேரம் முடிஞ்சது டாக்டர். கேஸைச் சொல்லுங்க. மேலே.

— வணக்கம் சார். கேஸைச் சொல்லலை. இவரைப் பரீட்சையிலிருந்து எடுத்துடணும்.

— காரணம்?

— வயித்துப் பெருந்தமனி வீங்கியிருக்கு சார். தொட்டா வலி இருக்கு. ஒரு வாரமா முதுகு வலி.

— நான் உங்களுக்குக் குடுத்தது குடலிறக்கம் கேஸ்.

— அதுவும் இருக்கு சார், வலது பக்கம். அது காத்திருக்கும்.

— துடிப்பு தெரிஞ்சா தமனி வீக்கம்னு ஆயிடுமா? தமனி மேல ஒரு கட்டி இருந்தாலும் துடிப்பைக் கடத்துமே. மேலே.

— கட்டின்னா என் கையை மேலே மட்டும்தான் தூக்கும். ரெண்டு கையையும் ரெண்டு பக்கம் வெச்சேன். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகுது சார்.

— விதி தெரியுமில்ல? கேஸை நான் வாபஸ் வாங்கினா, இன்னும் உள்ளே வராதவங்களுக்கு வேற கேஸ் கிடைக்கும். உங்களுக்குக் கிடையாது. இந்தத் தடவைக்கான பரீட்சையே செல்லாது. மறுபடி ஆறு மாசம் காத்திருக்கணும். மேலே.

— மேலே ஒண்ணும் இல்லை சார். ஸ்ட்ரெச்சர் திரைக்கு வெளியே நிக்குது.

— என்னைக் கேக்காமலா?

— உங்களைக் கேக்கணும்னா மணி அடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும் சார்.

— ஐயா, நான் சொல்றேன்! இவங்க முதல்லயே குடலிறக்கம்னு சொல்லிட்டாங்க, என் காதால கேட்டேன். மார்க்கைப் போடுங்க. மார்க் போடாம நான் ஸ்ட்ரெச்சர்ல ஏற மாட்டேன்!

— மாமா, வாயை மூடிக்கிட்டுப் படுங்க. பரீட்சை எனக்கு, உங்களுக்கு இல்லை.

— பெரியவரே, சட்டையைத் தூக்குங்க. நான் பாக்கறேன்.

— மெதுவா சார். அழுத்த வேண்டாம். விரலைச் சும்மா மேல வையுங்க.

— ஆமா, விலகுது. காலையில இவரை இந்தக் கட்டில்ல படுக்க வெச்சவன் நான்தான். நானும் இவரைப் பாத்தேன். இருமச் சொன்னேன், குடலிறக்கம் வந்துச்சு, அதையே சரியான விடைன்னு எழுதி வெச்சேன், போயிட்டேன்.

— ஸ்கேன் ரூம்ல தயாரா இருக்காங்க சார். நேரமாகுது.

— நீங்களும் கூடப் போங்க. ரத்தக்குழாய் டாக்டர் என் மாணவர்தான், நான் பேசறேன். ஆபரேஷன்ல நீங்க கொக்கி பிடிக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் நின்னு அவரோட சேர்ந்து செய்யுங்க. சிஸ்டர், காலையில இந்தக் கட்டிலைப் பாத்துட்டுப் போன மூணு பேரையும் திரும்பக் கூப்பிடுங்க.

— ஏறிட்டேங்க ஐயா, ஏறிட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு அனுப்புங்க. இந்த டாக்டரம்மா மார்க்கு?

— கேஸை வாபஸ் வாங்கினாத்தானே அது போகும்? இவங்க சொன்னதுதான் சரி; நான் எழுதி வெச்ச விடையைத்தான் வாபஸ் வாங்கறேன்.