அவளே நிரப்பிய படிவம்

நவம்பர் 22. முதலில் ஒரு திருத்தம். நேற்று சாலையின் வடக்குப் பக்கம் தேடியதாக எழுதிவிட்டேன். தேடியது தெற்குப் பக்கம். தேடத் தொடங்கி இன்றோடு இரண்டு நாள். டார்லா கிடைக்கவில்லை.

இரவு கூடாரத்தில் தகர அடுப்பைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தோம். புதிதாகத் தேட வந்தவர்களுக்கு லொரெட்டா நடந்ததைச் சொன்னாள். அவளுடைய சித்தி மகள் பெர்னடெட்டுக்கு வியாழக்கிழமை நேர்ந்தது. இன்னொரு முறை கேட்க முடியாதென்று பெர்னடெட் வேனில் போய்ப் படுத்துக்கொண்டாள். கேட்டதில் எதையாவது தவறவிட்டிருப்பேனோ என்று எனக்குப் பயம். கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

மாலை ஐந்தே கால். இருட்டிவிட்டது. மர லாரிகள் மட்டும் போகிற சாலை... பெர்னடெட் காரை ஓரம் கட்டி, கம்பத்தில் தங்கை டார்லாவின் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். டார்லா காணாமல் போய் ஒன்பது வாரம். போலீஸில் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஒரே பதில்.

"உங்க பழங்குடிப் பொண்ணுங்களுக்கு இதே வேலை. எங்கயாவது குடிச்சுட்டுக் கிடப்பா, வந்துருவா."

நான்காவது முறை அத்தைமார் எல்லோரும் போய், வாசலில் கைமேளம் தட்டிப் பாடிக்கொண்டே நின்றார்கள். அதன் பிறகுதான் கோப்பு திறந்தார்கள்.

போன் அடித்தது. ஸ்டேஷன். அந்தப் பதிலைச் சொன்ன அதே கான்ஸ்டபிள்.

"உன் தங்கச்சி இங்க பெஞ்சில உக்காந்திருக்கா. வாயே திறக்க மாட்டேங்கிறா. படிவத்த எடுத்து எழுதிட்டிருக்கா. நீல மணியில பூ தச்ச தோல் செருப்பு, அதுவும் ஒத்தக் கால்லதான்... அவதானா?"

அந்தச் செருப்பைத் தைத்ததே பெர்னடெட்தான். "ஆமா, அவதான்! அவளேதான்! விட்டுறாதீங்க, இதோ வந்துட்டேன்!"

"இங்கயே நிறுத்துடி லொரெட்டா," என்றாள் கூடாரத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்த ஐரிஸ் அத்தை. "எனக்கு ஒண்ணுக்குப் போகணும். இதுக்கு மேல கேட்டா வெளிய போக மாட்டேன்."

"அப்ப அடக்கிக்க அத்தை."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நாற்பது நிமிடச் சாலை; பெர்னடெட் இருபத்தைந்தில் போய்ச் சேர்ந்தாள். பெஞ்ச் காலி. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்... புகை போட்ட மான் தோலின் வாசம். அதற்கு அடியில் சேற்று வாடை. வாசல் பனியில் உள்ளே வந்த காலடிகள் இருந்தன. ஒன்று செருப்புக் கால், ஒன்று வெறுங்கால். வெளியே போன காலடி இல்லை.

மேசைமேல் காணாமல் போனோர் படிவம். கையெழுத்து டார்லாவுடையது. பெயர்: டார்லா. கடைசியாகப் பார்த்த நாள்: செப்டம்பர் 18. இடம்: 41ஆம் கிலோமீட்டர் பலகை, சாலைக்கு அடியில் போகும் குழாய்.

"இப்பவே ஆள் அனுப்புங்க சார்! உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்!"

கான்ஸ்டபிளின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கை முத்திரையைத் தேடி எடுத்தது.

"இன்னிக்கு அவ இங்க வந்துட்டுப் போயிருக்கா. அவதான்னு நீயே போன்ல சொல்லிட்ட. கிடைச்சுட்டான்னு எழுதியாச்சு. கிடைச்சவளத் தேட எப்படிம்மா ஆள் அனுப்புறது?"

ஒன்பது வாரம் கெஞ்சித் திறக்க வைத்த கோப்பு. ஒரு "ஆமா"வில் மூடிவிட்டது. பெர்னடெட் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். அதில் எழுதியிருந்த குழாயைச் சுற்றித்தான் இரண்டு நாளாக நாங்களே தேடுகிறோம்.

லொரெட்டா அந்தப் படிவத்தை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இன்னும் ஈரம். கடைசிக் கட்டம்: உடன் இருப்பவர்கள். அதில் டார்லா மூன்று பெண்களின் பெயர்களை எழுதியிருந்தாள். மூன்று பேருக்குமே போலீஸில் கோப்பு இல்லை. யாரும் தேடவே இல்லை.

நாளை காலை எட்டு மணிக்கு நானும் லொரெட்டாவும் முதல் பெயருக்குரிய பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். மகள் வான்கூவரில் வேலை பார்க்கிறாள், போன் பேசத்தான் நேரமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.