முதல் சொல் குள்ளம்மாளுடையது

விழாத் தலைவர் டாக்டர் அறிவழகன் அவர்களே! நமது பொது மருத்துவமனைக் குழுமத்தின் ஐந்து மருத்துவமனைகளிலிருந்தும் முதல் பேருந்து பிடித்து வந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே! மருந்து கொடுப்போரே, மாவுக் கஞ்சி காய்ச்சுவோரே, துணி துவைப்போரே, தூய்மை காப்போரே! பால்குடிப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஊரார் பிள்ளைக்கு ஊசி போட ஓடிவரும் தாய்மார்களே! ஒரு காலத்தில் என்னிடம் திட்டு வாங்கி, இன்றும் என்னைக் கண்டால் தூணுக்குப் பின்னே நகர்ந்துகொள்ளும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் பிலோமினா சவுரியப்பனின் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்தபோது மூன்று செய்திகள் சொன்னார். நான் முப்பத்தாறு ஆண்டு பணிபுரிந்து செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்றார். சரி. இன்று பணியாளர் நலன், பணிப் பண்பாட்டுத் துறையின் தலைவராக அமர்ந்திருக்கும் யுவராணி என்னிடம் பயின்ற மாணவி என்றார். அதுவும் சரி. அவருடைய உயர்வைக் கண்டு பூரித்து நிற்கும், பொறாமை என்பதே அறியாத உள்ளம் என் உள்ளம் என்றார். அது தவறு. எனக்குப் பொறாமை உண்டு. குறிப்பெடுக்கும் தம்பி, சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

யார் அங்கே சிரிப்பது? ஆம்புலன்ஸ் ராஜப்பனா?

"ஆமாங்கம்மா! இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் மனசு விட்டுப் பேசறீங்க!"

உட்காருங்கள் ராஜப்பன். உங்கள் சட்டையில் மேல் பொத்தான் இன்னும் போடப்படவில்லை.

அவையோரே, எனக்கு ஏன் பொறாமை இருக்கக் கூடாது? நான் வார்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. யுவராணி நுழைந்தால் பேச்சு தொடங்குகிறது! எனக்கு எழுந்து நின்றார்கள். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள்! நான் ஓய்வு பெற்ற நாளில் ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம், நான்கு புகழுரை. காரிமங்கலம் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஐந்தரை மணிக்கு மண்டபம் காலி. சென்ற மாதம் யுவராணிக்குப் பிறந்தநாள். ஒகேனக்கல் பக்கத்திலிருந்து வரும் செவிலியர்கள் வாழையிலையில் வறுத்த மீன் கட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்தார்களாம். மீன் சூடு ஆறவில்லையாம்! எனக்கும் மீன் பிடிக்கும். முப்பத்தாறு ஆண்டில் ஒருவராவது கேட்டீர்களா?

சிரியுங்கள். பரவாயில்லை.

இரண்டாயிரத்து நானூறு ஊழியர்கள். அத்தனை பேரின் பெயரும் அவருக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நான் பெயர் சொல்லி அழைத்தால் என்ன தவறு செய்தோமோ என்று அஞ்சினீர்கள். அவர் பெயர் சொல்லி அழைத்தால் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கப் போகிறார் என்று மகிழ்கிறீர்கள். அதே பெயர்; அதே நாக்கு; ஏன் இந்த வேறுபாடு? இதை எண்ணி எண்ணி என் வயிறு எரிந்திருக்கிறது. கன்னியர் பள்ளியில் படித்தவள் நான். பொய் சொல்வது பாவம் என்று முட்டி போட வைத்துக் கற்பித்தார்கள். ஆகவே சொல்கிறேன்: எரிந்திருக்கிறது!

இன்று நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? யுவராணியின் 'முதல் சொல்' முறைக்கு ஓராண்டு நிறைவதைக் கொண்டாட. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு இரவுப்பணி முடிந்து பகற்பணி தொடங்கும்போது, நோயாளிகளின் நிலையை ஒருவருக்கொருவர் ஒப்படைப்பது வழக்கம். முன்பெல்லாம் செவிலியர் மட்டுமே பேசுவோம். இப்போது எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். முதலில் பேசுபவர் தூய்மைப் பணியாளர். படுக்கையைத் துடைத்தவர், பாத்திரத்தைக் கழுவியவர், தாம் கண்டதைச் சொன்ன பிறகே மற்றவர் வாய் திறக்கலாம். அருமையான முறை! வெளிமாவட்டத்தார் வந்து பார்த்துப் போகிறார்கள். சற்று முன்பு அதற்காக யுவராணிக்கு ஒரு கேடயம் தரப்பட்டது. நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், இரண்டு முறை.

இந்த முறை எங்கே பிறந்தது? குழுமத்தின் இதழில் யுவராணி எழுதியிருக்கிறார்: "மாணவியாக இருந்தபோது ஒரு வார்டில் கண்ட காட்சி." அவ்வளவுதான். எந்த வார்டு? யாருடைய காட்சி? அவர் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். மண்டபத்தின் கடைசிச் சுவரோரம், அத்தனை நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர் குள்ளம்மாளுக்கும் தெரியும்.

குள்ளம்மா, உட்காருங்க.

"இருக்கட்டும் சிஸ்டர். நின்னே பழகிப்போச்சுங்க."

கேட்டீர்களா?

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, ஏழு மணி. பெண்கள் மருத்துவ வார்டு. இரவுச் செவிலியர் படிக்கிறார்: "பதினாலாம் படுக்கை, கண்ணம்மாள், வத்தல்மலை. நன்றாகத் தூங்கினார்." நான் தலையசைக்கிறேன். எனக்குப் பின்னால் முதலாண்டு மாணவிகள் வரிசை. அந்த வரிசையில் யுவராணி. அப்போது வாளியும் துடைப்பானுமாக நின்ற ஒருத்தி வாய் திறந்தாள்.

"சிஸ்டர், அந்தம்மா ராத்திரி பூராவும் தூங்கலைங்க. ஒண்ணுக்கும் போவலைங்க. மூணு தடவ போயிப் பாத்தேன், பெட்பேன் காஞ்சே கெடக்குது. அடிவயிறு கல்லாட்டம் இருக்குது, தொட்டாலே பல்ல கடிக்கறாங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பதினாலாம் படுக்கைக்கு நடந்திருக்க வேண்டும். எத்தனை அடி? பதினொரு அடி. நான் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "நீ நர்ஸா? வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போ" என்றேன். அதோடு நின்றேனா? அன்றைக்கே என் கையால் மெமோ எழுதினேன். "செவிலியர் பணியில் தலையிட்டமை, வரம்பு மீறிப் பேசியமை." என் கையெழுத்து மிக அழகாக இருக்கும், எல்லோருக்கும் தெரியும்.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். வயிற்றைத் தொட்டார். என்னைப் பார்த்தார். சிறுநீர்க் குழாய் போட்டார்கள், சேலத்துக்கு அனுப்பினார்கள். நான்கு மணி நேரம், அவையோரே! என் வரம்பைக் காக்க ஒரு மனுஷி நான்கு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பிழைத்தார். மூன்று மாதம் கழித்து மலையிலிருந்து இறங்கி வந்தார். ஒரு பை சாமை அரிசி. யாரிடம் கொடுத்தார்? என்னிடம்! "நீங்கதாம்மா காப்பாத்துனீங்க" என்றார். குள்ளம்மாள் அருகில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தேன். என் கணவர், "சாமைச் சோறு நல்லா இருக்குதே, யார் குடுத்தது?" என்று கேட்டார். ஒரு நோயாளி என்றேன். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. அவரிடம் கூட முழுதாகச் சொன்னதில்லை.

யுவராணிமீது எனக்குள்ள பொறாமை இப்போது உங்களுக்குப் புரிகிறதா? அதே வார்டு, அதே காலை, அதே சொல். அவருக்கு வயது பத்தொன்பது, எனக்கு ஐம்பத்திரண்டு. எனக்குக் கேட்டது ஒரு ஒழுங்கீனம். அவருக்குக் கேட்டது ஒரு நோயாளியின் வலி. அந்தக் கேடயம் என் அலமாரிக்கு வந்திருக்கலாம். நான் அதை வாளியோடு சேர்த்து வெளியே அனுப்பினேன். போதாக்குறைக்கு, என் பெயர் கெடக் கூடாது என்று இதழில் காட்சியை மறைத்து எழுதியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, அதன்மீதும் எனக்குப் பொறாமைதான்!

ஆனால் யுவராணி அவர்களே, உங்கள் முறையிலும் ஒரு குறை இருக்கிறது. குறை காணத்தானே என்னைப் படைத்தான் ஆண்டவன்? தூய்மைப் பணி மேற்பார்வையாளர் பதவிக்கு இம்மாத இறுதியில் நேர்காணல். மேற்பார்வையாளர் ஆனால் ஏழு மணி ஒப்படைப்புப் புத்தகத்தில் தினமும் கையெழுத்திடலாம். குள்ளம்மாளுக்கு வரும் மே மாதம் ஓய்வு. "ஒரு நாளாச்சும் அந்தப் புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போவணும் சிஸ்டர்," இதுதான் அவர் என்னிடம் சொன்னது. அவர் பெயர் பட்டியலில் இல்லை. ஏன்? மெமோ வாங்கியவர் விண்ணப்பிக்க முடியாது என்று விதி. யார் எழுதிய விதி? நீங்கள் எழுதியது. யார் எழுதிய மெமோ? நான் எழுதியது. முதல் சொல் சொன்னதற்காகத் தண்டனை பெற்றவருக்கு, முதல் சொல் முறையில் இடமில்லை. இதைவிட வெட்கக்கேடு உண்டா?

சென்ற மாதம் உங்கள் அறைக்கு வந்து இதைக் கேட்டேன். "விதியை ஒருத்தருக்காக வளைச்சா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க மேடம்" என்றீர்கள். இப்படிப் பேச யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "நீங்கதாங்க மேடம்" என்றீர்கள். என்னிடம் கற்க எத்தனையோ இருக்க, இதையா கற்க வேண்டும்? பிறகு, "பாக்கறேங்க" என்றீர்கள். ராஜப்பன், கைதட்ட வேண்டாம். இன்னும் முடியவில்லை.

விதியை வளைக்கச் சொல்லவில்லை. தவறான மெமோவைத் தவறு என்று பதியச் சொல்கிறேன். எழுதியவள் உயிரோடு இருக்கிறாள். எழுபத்து நான்கு வயதிலும் எழுத்து கோணவில்லை. அந்த மெமோ பிழை, அன்று பேச வேண்டியவர் பேசினார், கேட்க வேண்டியவள் கேட்கவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ தலைவரின் மேசைமேல் வைக்கிறேன். கேடயத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன். இரண்டும் ஒரே காலையில் பிறந்தவை.

பேச அழைத்த தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. யுவராணிக்கு வாழ்த்து, பொறாமை குறையாத வாழ்த்து. குள்ளம்மாளுக்கு, இருபத்திரண்டு ஆண்டு தாமதமாக, என் முதல் வணக்கம்.

கடிதத்துக்கு, நேர்காணல் நடக்கும் முன்பாக, காரிமங்கலத்தில் உள்ள என் முகவரிக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.